சந்தை கலையும் முன் கிளம்புகிறவர்

வண்டியில் நான். எனக்குப் பக்கத்தில் அவர். பின்சீட்டில் அவருடைய சம்சாரம். அந்தம்மா மடியில் கால் கட்டின பெட்டைக்கோழி. கோழிக்கு அந்தப் பக்கம் கொடைரோட்டுத் திராட்சைத் தோட்டக்காரர். தோட்டக்காரர் காலடியில் கூடை. கூடையில் விற்றது போக மிச்சமிருந்த பன்னீர்த் திராட்சை.

காலை பத்து மணி. வாடிப்பட்டிச் சந்தையிலிருந்து திண்டுக்கல் போகிறோம். திண்டுக்கல்லில் அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. வாடிப்பட்டியில் ஒரு மணி நேரம் நின்றாகிவிட்டது. அதனால் போகிறோம். அவரை ஏற்றிக்கொண்டு நான் போன முதல் சவாரி அது.

நான் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி போட்டிருந்தேன். அம்பாசிடர். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் அவரே எடுத்தார். மூன்று நாளும் சந்தைக்குத்தான். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், நத்தம். எங்கே கூடினாலும் போவார். எங்கேயும் சந்தை கலையும்வரை நின்றதில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். பிறந்தது காரைக்கால். ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே. ஆபீசர்களுக்குச் சமைக்க ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். சில ஊருக்கு மாற்றச் சொல்லி இவரே கேட்டும் வாங்கியிருக்கிறார். சம்சாரம் பசுமலைக்காரர். பென்சன் வாங்கிக்கொண்டு காரைக்காலுக்குத் திரும்பி, கடைசியில் அந்தம்மா பிறந்த வீட்டுக்கே வந்து இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

பசுமலையில் எல்லோரும் அவரைப் பிரான்சுக்காரர் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பழகினேன். நேரில் ஐயா. அவருக்கு நான் மாப்ள.

சந்தைக்குள் நுழைந்தால் முதலில் எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. கருவாட்டுப் பக்கம், காய்கறிப் பக்கம், புளி, மிளகாய், ஆட்டுத்தொழுவம் எல்லாம். இரண்டாவது சுற்றில்தான் குனிவார். ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்போடு கடிப்பார். பச்சையாக. பிறகு கேட்பார்.

"எந்த ஊரு?"

"சோழவந்தான்."

"சோழவந்தான்ல எந்தப் பக்கம்? ஆத்தோரமா, மேடா?"

ஒரு கத்திரிக்காய்க்காரம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தது. "ஏன்யா, பொண்ணா எடுக்கப் போறீக? ஊரு, தெரு, வகையறா எல்லாம் விசாரிக்கீக. அரைக் கிலோ கத்திரிக்காய்க்கு இம்புட்டு கேள்வியா?"

பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அங்க அப்படித்தாம்மா. சந்தையில உக்காந்திருக்கிற கிழவிகிட்ட ஆட்டுப்பால் கட்டி வாங்கினா, அந்த ஆடு எந்தச் சரிவுல மேஞ்சுச்சுன்னு அதுவே சொல்லும். கேக்காம வாங்கினா அதுக்குக் கோவம் வரும்."

"எனக்கு வாங்காம போனாத்தான் கோவம் வரும். நிறுக்கவா, வேணாமா?"

வாங்கினார்.

வண்டியில் ஏறினதும் ஒயின் பேச்சு ஆரம்பிக்கும். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி ஊர்கள் எனக்கு மனப்பாடம். போர்தோ. புர்கோஞ். அல்சாஸ். ரோன் ஆறு.

"போர்தோ ஆத்தங்கரை, மாப்ள. கடலும் கிட்ட. அந்த ஒயினைப் பத்து வருஷம் போட்டு வச்சாத்தான் வாயைத் திறக்கும். புர்கோஞ்ல ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி. ஒரே கொடி, ஒரே வெயிலு. மண்ணு வேற. இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கத்தை மதிக்க மாட்டான்."

"நம்ம ஊர்லயும் அப்படித்தான்யா. பங்காளிக."

"ரோன் பக்கம் தோட்டத்துல மண்ணே தெரியாது. கூழாங்கல்லு. பகல் வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி கொடிக்குக் குடுக்கும்."

"நம்ம ஊர்ல ராத்திரிக்குன்னு தனியா வெயில் இருக்குய்யா. கல்லு எதுக்கு?"

அதற்கு நெடுநேரம் சிரித்தார். தல்லாகுளம் தாண்டும்வரை சிரித்தார். பிறகு விரலால் கதவில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த விரல் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லில் ஒரு தடவை. சிறுமலை வாழைப்பழம் என்று ஒருவர் தார் தாராக வைத்து விற்றார். இவர் ஒன்றை உரித்துக் கடித்தார்.

"இது சிறுமலை இல்ல."

"யோவ், நான் அந்த மலையிலயே பொறந்தவன்."

"நீ பொறந்திருக்க. பழம் பொறக்கல."

கூட்டம் கூடிவிட்டது. பழக்காரர் விடவில்லை. சாக்குக்குப் பின்னாலிருந்து நாலு பழம் எடுத்து, தோலை உரித்து, இலையில் வைத்து நீட்டினார். இவர் நாலையும் தின்றார். மூன்றாவதைக் காட்டி, இது மட்டும் மலை, மற்ற மூன்றும் கீழே தோட்டத்துப் பழம் என்றார். பழக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். வீட்டுக்கு வைத்திருந்த ஒரு சீப்பை எடுத்து இவர் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர் சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நத்தத்துல இன்னைக்குப் புளி வருமா?"

ஒரு பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மாட்டுப்பொங்கல் அன்று. கறி எடுத்திருந்தேன். பரிமாறினது என் வீட்டுக்காரி. இவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார்.

"கறி நேத்து அறுத்தது. ஆடு வயசாளி. மசாலா ரொம்ப நல்லா இருக்கு."

காலையில் அறுத்தது என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரி அகப்பையோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு மட்டும்தான் போட்டாள்.

அவர் குறை சொல்லவில்லை. அது குறை என்றே அவருக்குத் தெரியாது. வாயில் பட்டதை வாய் சொல்லியது, அவ்வளவுதான். அந்தம்மாதான் அடுப்படிக்குப் போய் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீகண்ணே. அங்க ஒரு கர்னல் வீட்டுல இதே மாதிரி சொல்லித்தான் எங்களை அல்சாசுக்கு மாத்துனாக. அல்சாசுல இருந்துக்கிட்டு போர்தோ மீனைப் பேசுவாரு. போர்தோல இருக்கும்போது காரைக்கால் கத்திரிக்காயைப் பேசுவாரு. காரைக்காலுக்கு வந்தோம். ஏழு மாசம். கத்திரிக்காயை அவரு திரும்பிக்கூடப் பாக்கல."

அந்தம்மா கொஞ்சமாகத்தான் பேசுவார். திருமங்கலம் சந்தையில் ஒரு நாள் முருங்கைப் போத்து ஒன்று வாங்கினார். ஆள் உயரக் குச்சி. இவர் அதைப் பார்த்தார்.

"இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"எங்க தூக்கிட்டுப் போகணும்? நடத்தான வாங்கினேன்."

அவர் வழி முழுக்கக் குச்சியை வண்டி ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தார்.

பூசை ஒயின் விஷயம் பாதரால் வந்தது. அவர்கள் போகிற மாதா கோயில் சின்னது. பூசைக்கு ஒயின் வெளியூரிலிருந்து ரயிலில் வரும். அந்த வருஷம் வரத் தாமதமானது. மதுவிலக்கு இருந்த காலம். பூசை ஒயினுக்கு மட்டும் பர்மிட் உண்டு. பாதர் இவரைக் கேட்டார். நீங்கள் இருக்கும்போது நான் ஏன் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று.

பர்மிட்டைப் பாதரே வாங்கிக் கொடுத்தார். முதலில் எட்டு ஜாடி. நன்றாக வந்தால் வருஷா வருஷம், சுற்றுப்பட்ட கோயில்களுக்கும் சேர்த்து.

அன்றைக்கு அந்தம்மா வாசல் கேட் வரைக்கும் வந்து என்னிடம் பேசினார். அப்படி வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒயின் நல்லா வந்துருச்சுன்னா இங்கயே இருந்துருவேன்னு சொல்லியிருக்காருண்ணே. மாதா படத்துக்கு முன்னாடி நின்னு சொன்னாரு. எனக்கும் வயசாகுது. இனிமே பெட்டி கட்ட முடியாது."

கொடைரோட்டுத் தோட்டக்காரரிடம் போனோம். பந்தல் கொடி. காய் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"பறிப்புக்கு முன்னாடி பதினஞ்சு நாள் தண்ணி விடாத."

தோட்டக்காரர் சிரித்தார். "முதல்நாள் தண்ணி கட்டித்தான் மறுநாள் பறிப்போம். லாரிக்காரன் எடைக்கு எடுக்கான். தண்ணி கட்டலைன்னா எடை எப்படி நிக்கும்?"

"எனக்கு எடை வேணாம். காய்ஞ்ச கொடிதான் காய்க்கு ருசியைக் குடுக்கும். தாகம் எடுக்கணும் அதுக்கு."

தோட்டக்காரர் யோசித்தார். எட்டு ஜாடிக்கு ஒரு பந்தல் போதும். ஒரு பந்தலைத் தனியாக விட்டார். மடையை அடைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பதினான்கு நாள் ஒரு சொட்டு விடவில்லை.

பதினான்காம் நாள் மத்தியானம் மழை. அந்த மாதத்தில் அந்தப் பக்கம் மழை பெய்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். பெய்தது. இவர் வண்டியை எடு என்றார். போய்ச் சேரும்போதும் விடவில்லை. பந்தலுக்கடியில் நனைந்துகொண்டே நின்று ஒரு பழத்தைப் பிட்டு வாயில் போட்டார்.

"மழை குடிச்சிருச்சு மாப்ள."

"விட்டுருவோமாய்யா?"

"பறிக்கணும். விட்டா வெடிச்சிரும்."

மறுநாள் பறித்தோம். பசுமலை வீட்டுப் பின்கட்டில் எட்டுப் பீங்கான் ஜாடி. ஊறுகாய் போடுகிற ஜாடிதான், பெரியது. பழத்தை அவரே கையால் நசுக்கினார். ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டினார். ஈர மணலில் இறக்கினார்.

அதற்குப் பிறகு அவர் சந்தைக்கு வரவில்லை. மூன்று வாரம். நான் ஸ்டாண்டில் சும்மா இருந்தேன். அந்தப் பக்கம் சவாரி போனால் எட்டிப் பார்ப்பேன். ஜாடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தெளிகிறவரை நாக்கில் வைக்கமாட்டாராம், காதை வைத்துக் கேட்பார். நுரைக்கிற சத்தம் கேட்கிறதாம். விரல் ஸ்டூலில் தட்டிக்கொண்டிருக்கும். அந்தம்மா முகம் தெளிவாக இருந்தது.

"மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுண்ணே. எனக்கே புதுசா இருக்கு."

பத்தாவது நாளோ என்னவோ, அந்தம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். இவர் முடி வெட்டப் போயிருந்தார்.

"ரெண்டு கிலோ கல்கண்டு வாங்கிட்டு வாங்கண்ணே."

"எதுக்கும்மா?"

அந்தம்மா பின்கட்டுப் பக்கம் பார்த்தார். "தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். தண்ணியா இருக்கு. நானும் இருபது வருஷம் அந்த ஊர்ல இருந்தவதான. மழை வருஷத்துல அங்கயும் சீனி போடுவாக. அவரே சொல்லியிருக்காரு."

"அப்ப அவர்கிட்டயே சொல்லிப் போடலாமே."

"சொன்னா போட விடமாட்டாரு. பூசைக்குத் திராட்சை மட்டும்தான் இருக்கணும். வேற எதுவும் கூடாது. அது எனக்கும் தெரியும்."

நான் போய் வாங்கி வந்தேன். கீழமாசி வீதியில் வாங்கினேன். பொட்டலத்தைக் கொடுக்கும்போது அந்தம்மா கை ஈரமாக இருந்தது. முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

வடிகட்டி, தெளியவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பூசை முடிந்ததும் பாதரை வண்டியில் கூட்டி வந்தேன். தோட்டக்காரர் பஸ்ஸில் வந்திருந்தார். அந்தம்மா கண்ணாடி கிளாஸ்களைத் துடைத்துத் தட்டில் வைத்திருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த கிளாஸ். தண்டு வைத்தது. இவர் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார்.

முதல் ஜாடியைத் திறந்து பாதருக்கு ஊற்றினார். நல்ல நிறம். பாதர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நாப்பது வருஷமா பூசை வைக்கிறேன். இப்படி ஒண்ணு எனக்கு வந்ததில்ல."

தோட்டக்காரருக்குக் கொடுத்தார். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "அப்ப அடுத்த பறிப்புக்கு ரெண்டு பந்தலை ஒதுக்கிருவோமா பாதர்?"

"ஒதுக்குங்க."

அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தம்மா முகத்தை நான் பார்த்தேன். 

இவர் கடைசியாகத் தனக்கு ஊற்றிக்கொண்டார். ஒரு வாய். விழுங்கவில்லை. வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். விரல் தட்டுவது நின்றுபோனது. நான் கவனித்தேன். பிறகு விழுங்கினார். இரண்டாவது ஜாடியைத் திறந்தார். ஒரு வாய். மூன்றாவது. இப்படியே எட்டும்.  அவர் யாரையும் பார்க்கவில்லை.

எட்டாவதைக் குடித்துவிட்டுக் கிளாசைத் தட்டில் வைத்தார்.

"பாதர், இதைப் பூசைக்கு எடுக்காதீங்க. இதுல திராட்சை மட்டும் இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"கல்கண்டு."

பாதர் கிளாசைப் பார்த்தார். "யாரு போட்டது?"

நான் சொன்னேன். "நான்தான் பாதர் வாங்கிட்டு வந்தேன்."

இவர் என் தோளில் கை வைத்தார். "நீ வாங்கிட்டு வந்திருப்ப மாப்ள. போட்டது யாருன்னு கிளறின கையில தெரியுது. எட்டுலயும் ஒரே அளவு, அடியிலேருந்து கிளறியிருக்கு. சமைக்கிற கை."

அந்தம்மா நிலையை விட்டு நகரவில்லை. "ஒரு வாட்டி," என்றார். "ஒரே ஒரு வாட்டி நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"எப்படி இருக்கறது?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பாதர் நல்லவர். எழுந்து அந்தம்மா தலையில் கை வைத்தார். பர்மிட் இந்த வருஷம் முழுக்க இருக்கிறது, நாலைந்து மாதத்தில் அடுத்த பறிப்பு, அதற்குள் அவசரம் ஒன்றும் இல்லை என்றார். தோட்டக்காரரும் அதையே சொன்னார். பந்தலை அப்படியே விட்டுவைக்கிறேன், மடையை இப்போதே அடைக்கிறேன் என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

எட்டு ஜாடியையும் நானும் அவரும் வாசல் தெருவோரத்தில் கவிழ்த்தோம். பர்மிட் சரக்கு, ஒருவர் கையிலும் கொடுக்கக்கூடாது. தெரு முழுக்க வாசனை. கடைசி ஜாடியைக் கவிழ்க்கும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சந்தையிலிருந்து கிளம்பும்போது அவருக்கு ஒரு முகம் இருக்கும். கண் தூரத்தில் எங்கேயோ இருக்கும். அந்த முகம்தான்.

"நாசிக்னு ஒரு ஊரு இருக்கு மாப்ள. பம்பாய்க்கு அங்கிட்டு. கரிசல் மண்ணு. பறிப்பு நேரத்துல மழையே கிடையாதாம்."

"அடுத்த பறிப்புதான் இங்க இருக்கேய்யா."

"இங்க பாத்தாச்சே."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். கூடத்தில் இரண்டு தகரப்பெட்டி. ஒன்றைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். வேர்த்திருந்தது. பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார். உசிலம்பட்டிக் கருவாடு, அரைக் கிலோ மூட்டை கட்டி வைத்திருந்தார். அங்கே கிடைக்காதாம்.

"மெட்ராசுக்கு ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்துரு. அங்கேருந்து மாறிக்கலாம்."

எத்தனை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். இத்தனை வருஷமும் அப்படித்தானே.

நான் வண்டியை எடுத்தேன். அந்தம்மா வாசலில் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து தெருவோரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒயின் கொட்டின இடம். எறும்பு மொய்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். கண் சிவந்திருக்கவில்லை.

"நல்லா வந்திருந்தாலும் போயிருப்பாருண்ணே," என்றார். "ரெண்டு வருஷம் கழிச்சுப் போயிருப்பாரு."

நான் என்ஜினை அணைக்கவில்லை.

"ஐயா டிக்கெட் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"ம்."

"எத்தனைம்மா?"

அந்தம்மா வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு."